சேலம் அஞ்சு ரோடு ஞாயித்துக்கிழமை உலக அரசியல் கிளாஸ்: எட்டு வாரம் போய்ட்டு வந்து எழுதறேன்

யூபிஎஸ்சிக்கு தமிழ்ல படிக்கறவங்க நெறைய பேரு கேட்டிருந்தீங்க, அஞ்சு ரோடு பக்கம் மாடில நடக்கற அந்த கிளாஸ் எப்படின்னு. எட்டு வாரமும் போனேன், ஒரு ஞாயித்துக்கிழமை கூட விடல. பேரு போடல, ஏன்னா கொறையும் ரெண்டு மூணு சொல்லப்போறேன்.

மொதல்லயே சொல்லிடறேன், சார் நடத்துறதுக்காகவே போலாம். தலைப்பு என்னன்னா, வளர்ந்து வர்ற நாடு ஏற்கனவே பெரிய கையா இருக்கற நாட்ட எப்படி எதிர்க்குதுங்கறது. எதிர்க்கறதுன்னா போர்க்கப்பல், ஏவுகணை, எல்லைல சண்டைன்னு தான் நான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். ரெண்டாவது வாரம் சார் போர்டுல ரெண்டே ரெண்டு நம்பர் எழுதுனாரு, 85, 16.5. ஐஎம்எஃப்ல, அதாவது நாடுகளுக்கு கடன் குடுக்கற சர்வதேச நிதியத்துல, பெரிய முடிவுன்னா 85 சதவீத ஓட்டு வேணும், அமெரிக்கா கையில மட்டும் சுமாரா 16.5 இருக்கு, நீங்களே கழிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டு சாக்பீஸ கீழ வெச்சுட்டாரு. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்பறம் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு தம்பி, "சார், அப்ப மீதி நாடு அத்தனையும் சேர்ந்து கை தூக்குனாலும் 83.5 தானுங்க வருது"ன்னான். சார் ஆமாங்கறதுக்கு தலைய மட்டும் ஆட்டுனாரு.

அங்கிருந்து தான் கத ஆரம்பிக்குது. 2010ல சீனா, இந்தியா மாதிரி நாடுகளுக்கு ஐஎம்எஃப்ல பங்கு கூட்டறதுன்னு (பங்கு கூடுனா ஓட்டும் கூடும்) முடிவு எடுக்கறாங்க, அந்த வருசம் தான் சீனா ஜப்பான தாண்டி ரெண்டாவது பெரிய பொருளாதாரமா வருது, ஆனா அதுக்கு அமெரிக்க காங்கிரஸ் தலையாட்ட 2015 டிசம்பர் ஆயிருச்சு. சீனா அதுவரைக்கும் கைய கட்டிட்டு ஒக்காந்திருக்குமா, பெய்ஜிங்ல ஏஐஐபின்னு (ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி) ஒரு பேங்கே ஆரம்பிச்சு 2016 ஜனவரில தொறந்துட்டாங்க, ஐஎம்எஃப்ல பங்கு கூட்டுனது அமலுக்கு வந்ததும் அதே மாசம் தான். அமெரிக்காவுக்கு பிடிக்கலன்னு தெரிஞ்சும் பிரிட்டன் 2015லயே போய் சேர்ந்துக்கிச்சு. அந்த பேங்க்ல முக்கியமான முடிவுக்கு 75 சதவீத ஓட்டு வேணும், சீனா கையில 26க்கு மேல. இந்த தடவ யாரும் சொல்லாமயே நாங்க கழிச்சுக்கிட்டோம். அதுல ரெண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா, சென்னை மெட்ரோ ரெண்டாங்கட்டத்துக்கு கூட அங்க இருந்து கடன் வந்திருக்குன்னு சார் சொன்னப்ப தான் இது எங்கயோ நடக்கற விசயம் இல்லன்னு ஒறைச்சுது.

பழைய கதையும் நல்லா சொன்னாரு. பழைய கிரேக்கத்துல ஏதென்ஸ் நகரம் வளர்ந்தத பார்த்து ஸ்பார்ட்டா நகரம் பயந்து கிமு 431ல வந்த சண்டைய எல்லாரும் சொல்லுவாங்க, அத அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டாரு. அவரு நின்னு பேசுனது பிரிட்டன பத்தி. 1895ல வெனிசுலாவுக்கும் பிரிட்டன் கையில இருந்த கயானாவுக்கும் நடுவுல வந்த எல்லைத் தகராறுல அமெரிக்கா கொரல ஒசத்துனப்ப பிரிட்டன் எறங்கி வந்து நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கிச்சு. அதே பிரிட்டன், ஜெர்மனி 1898லயும் 1900லயும் சட்டம் போட்டு கப்பல் படைய பெருசாக்குனப்ப விட்டுக் குடுக்கல, 1906ல டிரெட்நாட்ங்கற பெரிய பீரங்கிப் போர்க்கப்பல எறக்குச்சு, 1914ல போர்ல போய் நின்னுச்சு. அமெரிக்கா கடலுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனி கண்ணு முன்னால வாசல்ல, அது ஒரு காரணம். வளர்றவன் மட்டும் இல்ல, மேல இருக்கறவன் யாருக்கு எடம் விடறான், யாருக்கு விடமாட்டேங்கறான், அதையும் சேர்த்து பாருங்கன்னாரு. எனக்கு இந்த எட்டு வாரத்துல கெடச்ச பெரிய விசயம் இதுதான்.

எங்க ஊரு செட்டிச்சாவடி. அப்பா வெள்ளக்கல் (மேக்னசைட்) சுரங்கத்துல வேல பார்த்தவரு. அந்த கல்ல சூளைல சுட்டுத்தான் இரும்பு உருக்கற ஒலைக்கு உள்ள கட்டற செங்கல் செய்வாங்க. இன்னிக்கு ஒலகத்துலயே அதிகமா வெள்ளக்கல் எடுக்கறது சீனா, ஒலக ஸ்டீல்ல பாதிக்கு மேல உருக்கறதும் சீனா. இத கிளாஸ்ல கேட்டுட்டு வந்து வீட்ல சொன்னேன், அப்பா சாப்பிட்டுட்டிருந்தவரு கைய அப்படியே வெச்சுட்டு ரொம்ப நேரம் அத பத்தியே கேட்டுட்டிருந்தாரு.

இப்ப கொற. நோட்ஸுக்குன்னு தனியா 350 ரூவா வாங்கறாங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க. சார் பேசற தமிழ் வேற, அதுல அடிச்சிருக்கற தமிழ் வேற, இங்கிலீஷ்ல இருந்து வார்த்தைக்கு வார்த்த மாத்துனது, ஒரு வரிய மூணு தடவ படிச்சாலும் புரியாது. அத விட மோசம், கிரகாம் அலிசன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர், வளர்ற நாடு மேல இருக்கற நாட்ட நெருங்குன 16 சம்பவத்த எடுத்து அதுல 12 போர்ல முடிஞ்சுதுன்னு கணக்கு சொன்னத எடுத்துப்போட்டு, "அமெரிக்கா சீனா போர் வர 75 சதவீத வாய்ப்பு"ன்னு அச்சடிச்சு வெச்சிருக்காங்க. சார் கிளாஸ்லயே அது தப்பு, அந்த 16ஐ எப்படி பொறுக்குனாங்கன்னே சண்ட நடக்குது, அணுகுண்டு வந்தப்பறம் கணக்கே வேறன்னு தெளிவா சொன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சு வந்த புது காப்பிலயும் அந்த வரி அப்படியே இருந்துச்சு. கஷ்டப்பட்டு காசு கட்டி வர்ற பசங்க அத மனப்பாடம் பண்ணி பரிட்சைல எழுதிருவாங்கங்க, அதான் என் வருத்தம்.

கடைசி வாரம் இந்தியா. ஐநா பாதுகாப்பு சபைல நிரந்தர எடம், பிரிக்ஸ் (இந்தியா, சீனா, ரஷ்யா மாதிரி நாடுகளோட கூட்டமைப்பு), ஜி4 (அந்த நிரந்தர எடம் கேக்கற இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில்) எல்லாத்தையும் முக்கா மணி நேரத்துல ஓட்டிட்டாங்க. நிரந்தர எடம் கெடைக்க ஐநா சாசனத்த திருத்தணும், அதுக்கு மூணுல ரெண்டு பங்கு நாடுங்க ஒப்புதல் குடுக்கணும், அதுல இப்ப இருக்கற அஞ்சு நிரந்தர நாடும் ஒண்ணு விடாம இருக்கணும், இந்த ஒரு விசயத்துக்கே ஒரு கிளாஸ் வேணும். சார்கிட்ட நேராவே சொன்னேன், அடுத்த பேட்ச்ல ஒம்பது வாரமா ஆக்கறேன்மான்னாரு.

ரோட்டுப் பக்க ஜன்னல் கிட்ட ஒக்காராதீங்க, பஸ் ஹாரன்ல பாதி காதுல விழாது. 200 பக்க நோட்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க, சார் வேகமா பேசுவாரு, நிறுத்தி கேட்டா கோவிச்சுக்க மாட்டாரு, திரும்ப சொல்லுவாரு.