வேர் பிய்ந்த மட்டியை விற்றார்கள்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

என் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய மட்டி (இரு ஓடுள்ள சிப்பி வகை உயிர்) இன்று காலை இறந்துவிட்டது. அழுகத் தொடங்கினால் அம்மோனியா ஏறித் தொட்டியில் உள்ள மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும் என்பதால் அதை உடனே வெளியே எடுத்துவிட்டு, ஆத்திரம் தணியும் முன்பே இதை எழுதுகிறேன். காயம்பட்ட மட்டியைப் பராமரிப்பது எப்படி என்று விரிவாக எழுதுவதற்காகக் குறிப்பெடுத்து வந்தேன். அவற்றில் பயன்படக்கூடியதைப் பின்னால் தருகிறேன். அதற்குமுன், காயத்தை மறைத்து விற்றவர்கள் என்னை நடத்திய விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்றது, கடல் மீன்களையும் பவளங்களையும் பெட்டியில் கட்டி வீட்டுக்கே அனுப்பும் ஓர் இணைய விற்பனைத் தளம். முறையீடு நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. நான் கேட்டது டிரிடாக்னா மேக்சிமா. ராட்சத மட்டிக் குடும்பத்தில் அளவில் சிறிய இனங்களுள் ஒன்று, ஓட்டின் வாயில் விரியும் நீலச் சதை மடலுக்காகப் பலரும் விரும்புவது. தொலைபேசியில் பேசியவர் விலையைச் சொல்வதற்கு முன்பே என் தொட்டியைப் பற்றி விசாரித்தார். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கிறதா, கால்சியம் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்குக்கு) கீழே இறங்குகிறதா, காரத்தன்மை நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா, மடலைக் கொத்தும் ஏஞ்சல் மீனோ பட்டாம்பூச்சி மீனோ உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "வெளிச்சம் பத்தாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் விக்கவே மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை முழுதாக நம்பவைத்தது. மட்டி தன் மடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு ஆக்கித் தரும் உணவையே பெரிதும் நம்பி வாழ்கிறது என்பதை அறிந்து, வெளிச்சம் போதாத தொட்டிக்கு விற்கமாட்டேன் என்று சொல்பவர் காயத்தை மறைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

காணொளியும் அனுப்பினார். மடல் அகல விரிந்திருந்தது. கை நிழல் பட்டதும் சட்டென்று சுருங்கியது. நலமுள்ள மட்டி அப்படித்தான் செய்யும். முழுத்தொகையையும், அதாவது என் அரை மாதச் சம்பளத்தை, அன்றே அனுப்பிவைத்தேன். அந்தக் காணொளி தொடக்கம் முதல் முடிவு வரை மேலிருந்தே எடுக்கப்பட்டது. அடிப்பக்கத்தைக் காட்டும் ஒரு நொடிகூட அதில் இல்லை.

பெட்டி வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கினேன். அதன்பின் மட்டியை மெல்லச் சாய்த்து எடுத்தபோது, ஓட்டின் அடியில் கால் வெளிவரும் துளையிலிருந்து வெளுத்த சதை கிழிந்து தொங்கியதைக் கண்டேன். மேக்சிமா தன் காலடியில் சுரக்கும் பட்டுநூல் போன்ற பற்றிழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழும் உயிர். அந்த இழைகளைப் பாறையோடு ஒட்டிக் கூரிய கத்தியால் அறுத்தால் மட்டிக்குத் தீங்கில்லை. புதிய இழைகளைச் சுரந்து மறுபடி பற்றிக்கொள்ளும். பொறுமையில்லாமல் பிடித்து இழுத்தால், இழையோடு அது முளைக்கும் சுரப்பியும், அதாவது மட்டியின் வேரும், பிய்ந்து வந்துவிடும். ஓட்டின் விளிம்பு சிறிது உடைந்தால் மட்டி புதிய ஓட்டைச் சுரந்து சரிசெய்துகொள்ளும். மீன் கடித்த மடலும் பெரும்பாலும் ஆறிவிடும். வேர் பிய்ந்த மட்டியோ பிழைப்பது அரிது, ஏனெனில் அந்தப் புண்ணின் வழியே கிருமிகள் நேராக உடலுக்குள் நுழைகின்றன. ஒரு கத்தியை எடுக்கச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர் அதை வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறார்.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "புது இடம், பழக நாளாகும்" என்று பதில் வந்தது. கிழிந்த சதையைச் சுட்டிக்காட்டியபோது, அது கால், இயல்பாகவே அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் வேறொருவர் பேசினார். என் விளக்கின் ஒளி போதவில்லையாம். அதே விளக்கை முதல் உரையாடலில் பாராட்டியவர் எங்கே என்று கேட்டேன், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, உயிரோடு வந்து சேர்வதற்கு மட்டுமே உத்தரவாதம், உங்கள் மட்டி உயிரோடுதானே வந்தது என்று முடித்துவிட்டார்கள்.

இந்த உத்தரவாதம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். வேர் பிய்ந்த மட்டி அன்றே சாகாது. மடலை விரிக்கும், நிழலுக்குச் சுருங்கும், பார்ப்பவருக்கு நலமாகவே தோன்றும். உத்தரவாதக் காலம் கடந்த பிறகுதான் சரியத் தொடங்கும். விற்பவருக்கு இதைவிட வசதியான காயம் வேறு கிடையாது. என் அரை மாதச் சம்பளம் அந்த இடைவெளிக்குள்தான் போனது.

இதற்கு மேலும் ஒன்று செய்தார்கள். நான் விடாமல் எழுதிக்கொண்டிருந்ததால், புண் ஆற்றும் மருந்து என்று சொல்லி ஒரு புட்டியை இலவசமாக அனுப்பினார்கள். அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் காப்பர் சல்ஃபேட் என்று இருந்தது. மீனின் ஒட்டுண்ணிகளைக் கொல்லப் பயன்படும் செம்பு (காப்பர்) மட்டி, நத்தை, இறால், பவளம் ஆகியவற்றுக்கு நஞ்சு. போதாக்குறைக்குப் பாறையிலும் மணலிலும் படிந்து நெடுநாள் கசிந்துகொண்டே இருக்கும். கடல் உயிர் விற்கும் எவருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது. புட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறேன். அதை ஊற்றியிருந்தால் மட்டியோடு தொட்டி முழுவதும் போயிருக்கும், பழியும் என்மேல் விழுந்திருக்கும்.

என்னால் இயன்றதைச் செய்தேன். புண் மணலில் படாமல் தூய நீர் பட்டுக்கொண்டிருக்கட்டும் என்று, குழிவான சிறு பாறைத்துண்டின் மேல் மட்டியை நிமிர்த்தி வைத்தேன். பம்பின் நீரோட்டம் நேரே தாக்காத, ஆனால் நீர் தேங்காத இடமாகப் பார்த்தேன். ஹெர்மிட் நண்டும் இறாலும் உடலெங்கும் முள்மயிர் கொண்ட பிரிசில் புழுவும் கிழிந்த சதையைத் தேடி வரும் என்பதால் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மூடினேன். கூடை ஒளியைக் குறைத்ததால் பகலில் விலக்கிவிட்டு, விளக்கு அணைந்ததும் மூடினேன். இரவில் கைவிளக்கோடு ஓட்டின் விளிம்பை ஆராய்ந்து, அரிசி அளவுள்ள வெள்ளைப் பிரமிடெல்லிட் நத்தைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று தேடினேன். அவை உடல்நீரை உறிஞ்சி, தளர்ந்த மட்டியை இன்னும் விரைவாகக் கொல்லும். வெப்பம் 25 டிகிரியில் அசையாமல் இருந்தது.

அவ்வளவுக்குப் பிறகும் நீர் உள்ளிழுக்கும் துளை நாளுக்கு நாள் அகன்று, ஓடு பிளந்தபடியே நின்றது. மடல் உள்வாங்கியது. நிழல் பட்டாலும் அசைவில்லை. பாறைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டிய உயிர் அது. பணத்தைவிட இதுதான் எனக்குத் தாளவில்லை.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. வாங்கப்போகிறவர்கள் இவற்றையாவது கவனியுங்கள். மட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் காட்டும் காணொளி வராமல் பணம் அனுப்பாதீர்கள். சிறு பாறைத்துண்டைப் பற்றிக்கொண்டிருக்கும் மட்டியாகவே கேளுங்கள், அதைப் பாறையோடு அனுப்பச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், எந்தெந்தக் காயத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ராட்சத மட்டிகளின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சில நாடுகளில் வைத்திருப்பதே சட்டவிரோதம். ஆகவே எங்கே வளர்ந்தது என்பதற்கான தாளைக் கேளுங்கள். நான் கேட்டபோது பதிலே வரவில்லை. பெட்டியைத் திறப்பதிலிருந்து இடைவிடாமல் படம்பிடியுங்கள். எந்த மருந்தானாலும் உட்பொருட்களைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

மட்டி இறந்த செய்தியை அனுப்பியதற்குச் சற்றுமுன் பதில் வந்தது: அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருவார்களாம். தள்ளுபடி வேண்டாம், என் அரை மாதச் சம்பளம் முழுவதும் திரும்ப வரவேண்டும் என்று எழுதி, கிழிந்த காலின் படத்தையும் செம்பு மருந்தின் படத்தையும் பணம் செலுத்திய வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன்.