சிப்பாய் உருவங்களை பெயின்ட் பண்ணக் கொடுக்குமுன் இதை வாசியுங்கள் (கொழும்பு)

மேசைப்போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் உலோகச் சிப்பாய்களை பெயின்ட் பண்ணி, பேஸும் (உருவம் நிற்கும் அடித்தட்டு) செய்து தருவதாக ஒருவர் வெள்ளவத்தைப் பக்கம் வேலை எடுக்கிறார். பெயர் வேண்டாம், வேலையை மட்டும் சொல்கிறேன்.

நான் கொடுத்தது 1803 கண்டிப் போரின் பிரிட்டிஷ் 19ஆம் காலாட்படை. பிரிட்டிஷ் காவற்படைத் தலைவர் மேஜர் டேவியோடு கண்டியில் விடப்பட்டு அந்த ஜூனில் மாண்டவர்களில் பலர் இந்தப் படையினர்தான். சிவப்புக் கோட்டில் கொலரும் கைமடிப்பும் பச்சை. டிரம் அடிப்பவருக்கு அப்படியே தலைகீழ்: கோட்டு பச்சை, கொலர் சிவப்பு. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பினேன். "விளங்கிட்டுது, யோசிக்காதீங்க அண்ணா" என்றார். பாதிக் காசு முற்பணம். அப்புறம் "மழை அண்ணா, பெயின்ட் காயுதில்லை" என்று ஒரே பாட்டு. கொழும்பு ஈரத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும் என்பது உண்மைதான், அதனால் நெருக்கவில்லை.

மீதிக் காசையும் வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தந்தார். திறந்தால் டிரம்காரர் உட்பட எல்லாரும் சிவப்பு. பச்சை என்று மருந்துக்கும் இல்லை. பிரைமருக்கு (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் மெல்லிய பூச்சு) பதில் கார் ஸ்ப்ரேயைத் தடிப்பாக அடித்ததில் பட்டன் வரிசையும் மார்பில் குறுக்கே போகும் வெள்ளை வாரும் புதைந்துவிட்டன. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மினுமினுப்பு.

பேஸ் அதைவிட மோசம். கேட்டது 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை), ஒட்டியிருந்தது பிஸ்கட் பெட்டி அட்டை. பசையின் ஈரத்தில் அது அப்பளம் மாதிரி வளைந்து, சிப்பாய்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்கிறார்கள். மேலே கடற்கரை மணல், கழுவவேயில்லை. ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல உப்பு. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, மேலே தூவிய செயற்கைப் புல்தூள் எந்நேரமும் பிசுபிசுவென்றே கிடக்கிறது.

கேட்டதற்கு, "மேசையில வைச்சு தூர நின்று பார்த்தா தெரியாதே அண்ணா!" காசைத் திருப்பிக் கேட்ட பிறகு போன் எடுப்பதே இல்லை.

அவர் வேலை என்று காட்டும் படங்களை ஊன்றிப் பாருங்கள். ஒன்றில் மடிப்புகளுக்குக் கருங்கோடு இழுத்திருக்கும், இன்னொன்றில் நிழல் மெல்லக் கரைந்து போகும். இரண்டும் ஒரே கை இல்லை. யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரே ஒரு உருவத்தை முடித்துத் தரச் சொல்லுங்கள். பிரைமர் அடித்த உடனே ஒரு படம் கேளுங்கள், முதுகும் பேஸின் அடிப்பக்கமும் தெரிய. பிரைமர் தடித்துவிட்டால் அதன்மேல் எந்தக் கெட்டிக்காரன் பெயின்ட் பண்ணியும் பிரயோசனமில்லை.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: பேஸை சூப்பர் குளூவில் ஒட்டியிருந்தால் ஃபிரீசரில் வையுங்கள், குளிரில் பசை நொறுங்கி உருவம் கழன்றுவரும். கார் பெயின்ட்டை அசிட்டோனில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. உலோக உருவத்துக்கு மட்டும்தான் இது. பிளாஸ்டிக் என்றால் அசிட்டோனைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும்.