மேனேஜராகும் இன்ஜினியர்களுக்கான ஆன்லைன் பயிற்சி: பாதிக்குப் பழுதில்லை

பேக்எண்ட் கோடு எழுதிக்கொண்டிருந்த என்னை அதே டீமுக்கு மேனேஜராக்கிய கையோடு, கம்பெனி செலவிலேயே இந்த ஆறு வாரப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். வீடியோ பாடங்கள், வாரம் ஒரு நேரலை வகுப்பு, அப்புறம் மூன்று மூன்று பேராகப் பேசிப் பழகும் அமர்வு. அந்த அமர்வுகளுக்காகத் தாராளமாகச் சேரலாம். வீடியோவை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

வீடியோக்களில் வருவது பெரும்பாலும் எங்கு தேடினாலும் கிடைக்கிற சங்கதிதான். கூகுள் 2002-இல் இன்ஜினியரிங் மேனேஜர்களே இல்லாமல் நடத்திப் பார்த்தது. செலவுக் கணக்கு முதல் சச்சரவு வரை எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போனதால் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டது. பிறகு 2008-இல் தொடங்கிய ப்ராஜெக்ட் ஆக்சிஜன் ஆய்வு, நல்ல மேனேஜரிடம் காணப்படும் எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தியபோது தொழில்நுட்பத் திறமை கடைசியாக வந்தது. இதைச் சொன்ன கையோடு ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுகிறார். கடைசி என்றாலும் பட்டியலில் இருக்கிறதே! கோடு எழுதுவதைக் குறைத்த பிறகு அந்தத் திறமையை எப்படித் தக்கவைப்பது, டீம் ஆட்களின் வடிவமைப்பை அலசும் டிசைன் ரிவ்யூவில் எந்த அளவுக்கு மூக்கை நுழைப்பது? நம்மைப் போன்றவர்கள் கேட்க வருவதே அதைத்தான். கடைசி வாரம் வரை பதில் இல்லை.

நடுவில் ஆட்களை நிறம் நிறமாகப் பிரிக்கும் ஓர் ஆளுமைச் சோதனையும் உண்டு. எனக்கு நீல நிறம் வந்தது. சரி, இருக்கட்டும்.

இனி அந்த அமர்வுகள். ஒருவர் மேனேஜர், ஒருவர் இன்ஜினியர், மூன்றாமவர் கவனிப்பவர். இன்ஜினியராக நடிப்பவருக்கு மட்டும் ஒரு ரகசிய அட்டை தருவார்கள். எனக்கு வந்த அட்டை: "உங்கள் டிசைனை மேனேஜர் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதிவிட்டார். அதிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. கேட்டால் மட்டும் சொல்லவும்." மேனேஜராக நடித்தவர் அனுபவசாலி. "டெஸ்ட் எழுத ஆள் தரட்டுமா? டெட்லைனைத் தள்ளிவைக்கட்டுமா?" என்று ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போனார். நேரம் முடிந்தது, அட்டையில் இருந்தது வெளியே வரவே இல்லை. கவனித்தவர் எத்தனை கேள்வி, எத்தனை யோசனை என்று மட்டும் எண்ணி வைத்திருந்தார். அந்தக் கணக்கைப் பார்த்ததும் மூன்று பேருமே சிரித்துவிட்டோம். கோடில் பக் (பிழை) என்று கேட்ட மாத்திரத்தில் ஃபிக்ஸ் (தீர்வு) தேடுகிற கை நமக்கு. வீடியோ பார்த்தா அது அடங்கும்?

குறை சொல்லும் விதத்தையும் இப்படியே பழக்குகிறார்கள்: சூழல், நடத்தை, விளைவு என்ற வரிசை. "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பதற்குப் பதில், "நேற்றைய ரிலீஸ் கூட்டத்தில் மைக்ரேஷன் (புது அமைப்புக்கு மாற்றும் வேலை) முடியவில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னீர்கள், ஆன்-காலில் (அவசரக் கோளாறைக் கவனிக்கும் முறையில்) இருந்தவருக்கு ரோல்பேக் செய்ய, அதாவது பழைய நிலைக்குத் திருப்ப, அவகாசமே இல்லை." படிக்கும்போது சப்பென்று இருக்கும். எதிரே ஒருவர் முகம் சுண்டி உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள், முதல் வாக்கியத்திலேயே நாக்கு குழறும்.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நேற்று வரை பக்கத்து சீட்டில் இருந்த நண்பருக்கு இன்று அப்ரைசல் எழுதுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் வேலை ஒத்துவராவிட்டால் ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று தொழில்நுட்பப் பக்கமே மேலே போக வழி இருப்பதையும் மூச்சு விடவில்லை. மேனேஜராகிறவர்களுக்கு விற்கும் பயிற்சியில் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தானோ என்னவோ.

டீம் கைக்கு வருவதற்கு முன்பே சேராதீர்கள். வீட்டுப்பாடம் எல்லாம் உங்கள் டீம் ஆட்கள் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன்களை வைத்துத்தான். சேர்ந்தால், பழகும் அமர்வின் ரெக்கார்டிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காதவர்களுக்கு அனுப்புவதில்லை.