ஆய்வுத் தரவை எங்கே வைப்பது: கிட்ஹப், ஃபிக்‌ஷேர், ஸெனோடோ, டிரையட்

கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் ஆய்விதழ் கேட்கும் கேள்வி, தரவு எங்கே இருக்கிறது என்பது. "கேட்டால் தருகிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த வரியை நம்ப முடியாது. 2014-இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் பார்த்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு கிடைக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சல் முகவரி செயலிழந்திருக்கும், அல்லது தரவு இன்று எந்தக் கணினியும் படிக்காத வட்டில் கிடக்கும். யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. காக்கும் பொறுப்பு ஒரு தனி ஆளிடம் இருந்ததுதான் சிக்கல்.

அதனால் களஞ்சியங்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆய்வாளர் வேலை மாறிய பிறகு, நிதி தீர்ந்த பிறகு, இந்தக் கோப்பைக் காக்கும் கடமை யாருக்கு?

இந்தக் கேள்வியில் கிட்ஹப் உடனே விழுந்துவிடும். நிரல் எழுதவும் சேர்ந்து வேலை செய்யவும் அருமையான இடம். ஆனால் உரிமையாளர் நினைத்தால் எந்த நேரமும் மொத்தத்தையும் அழித்துவிடலாம். டிஓஐ எண், அதாவது வெளியீட்டைக் குறிக்கும் நிலையான இணைய அடையாள எண், கிடையாது, 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்காது. அது வேலை செய்யும் மேசை, காப்பகம் இல்லை.

ஃபிக்‌ஷேர் பயன்படுத்தச் சுகமானது. இலவசக் கணக்கில் 20 ஜிபி கிடைக்கும், பல வகைக் கோப்புகளை உலாவியிலேயே திறந்து காட்டும், டிஓஐயும் தரும். பின்னால் இருப்பது டிஜிட்டல் சயின்ஸ் என்ற தனியார் நிறுவனம். அதில் தவறில்லை, ஆனால் நிறுவனங்கள் கைமாறும். வேறு நல்ல வழி இருக்கும்போது என் தேர்வு இது இல்லை.

ஸெனோடோவை 2013 முதல் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்துகிறது. இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். கிட்ஹப்போடு இணைத்துவிட்டால், நிரலின் ஒவ்வொரு வெளியீட்டையும் தானே எடுத்துச் சேமித்து, தனி டிஓஐ கொடுத்துவிடும். நிரலுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால், நாம் ஏற்றுவதை யாரும் திறந்து சரிபார்ப்பதில்லை. விளக்கம் எதுவும் இல்லாமல், நெடுவரிசைத் தலைப்புகள் புரியாமல் கிடக்கும் அட்டவணைகளும் அங்கே ஏராளம். திறந்திருக்கிறது, ஆனால் யாருக்கும் பயன்படாது.

டிரையட் வேறுபடுவது அங்கேதான். அங்கே ஆட்கள் கோப்பைத் திறந்து பார்க்கிறார்கள். விளக்கக் குறிப்பு போதாது, இந்த அலகு என்ன, இதில் மனிதர்களை அடையாளம் காட்டும் விவரம் இருக்கிறதே என்று திருப்பி அனுப்புகிறார்கள். இலாப நோக்கமற்ற அமைப்பு. கட்டணம் உண்டு, பல நிறுவனங்கள் தங்கள் ஆய்வாளர்களுக்காக அதைச் செலுத்திவிடுகின்றன. உரிமம் சிசி ஜீரோ மட்டுமே, அதாவது எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நோயாளிகளின் தரவுபோல அணுகலைக் கட்டுப்படுத்த வேண்டியதை இங்கே வைக்க முடியாது. ஸெனோடோவில் அப்படிப் பூட்டி வைக்க வழி உண்டு. மற்றபடி அட்டவணைத் தரவுக்கு, கட்டணம் தடையில்லை என்றால், நான் டிரையடைத்தான் சொல்வேன்.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் துறைக்கென்று ஒரு களஞ்சியம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கேதான் போக வேண்டும். புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளுக்கான களஞ்சியமான பிடிபி 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். எல்லோரும் ஒரே வடிவத்தில், ஒரே விதியில், சரிபார்ப்புக்கு உட்பட்டுத் தரவு கொடுத்ததால்தான் புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது. 2024-இன் வேதியியல் நோபலில் பாதி அதை உருவாக்கியவர்களுக்குப் போனது. அந்த அமைப்புகள் பொதுக் களஞ்சியங்களில் ஆளுக்கொரு வடிவத்தில் சிதறிக் கிடந்திருந்தால் அந்த வேலை எவ்வளவு பின்தங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கட்டுரைகளின் நிலை? டிஓஐ இருந்தாலே பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முகவரி மட்டும்தான். 2024-இல் வந்த ஓர் ஆய்வு, டிஓஐ உள்ள 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சோதித்தது. ஏறத்தாழ 28 சதவீதத்துக்குப் பெரிய காப்பகங்கள் எதிலும் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை.

இதழ்களுக்கு முன்னால் இருக்கும் பெரிய வழிகள் இரண்டு காப்பகங்கள். கிளாக்ஸ், உலகெங்கும் உள்ள 12 நூலகங்களில் பிரதி வைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழுது பார்க்கிறது. இதழ் மறைந்துபோனால் அதன் உள்ளடக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிடும். போர்டிகோ மையமாக நிர்வகிக்கப்படுகிறது; பழசாகிப்போகும் கோப்பு வடிவங்களைப் புதியவற்றுக்கு மாற்றும் வேலையில் அதற்குத்தான் அழுத்தம். பெரிய பதிப்பகங்களுக்கு இரண்டிலும் சேரும் வசதி உண்டு. தொலைந்துபோவது பெரும்பாலும் சிறிய இதழ்கள்தான். அப்படி ஓர் இதழை ஓஜேஎஸ் என்ற இதழ் வெளியீட்டு மென்பொருளில் நடத்துகிறீர்கள் என்றால், அதை உருவாக்கிய பிகேபியின் பாதுகாப்பு வலையமைப்பில் கட்டணம் இல்லாமல் சேரலாம். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் வேண்டும், அப்புறம் அதற்கான செருகுநிரலை நிறுவி விதிமுறைகளை ஏற்க வேண்டும்.