மறுசுழற்சித் தாள் பாக்கெட் நோட்டு: பால்பாயிண்டுக்குச் சரி, மைப்பேனாவுக்கு வேண்டாம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். மாங்காய் மண்டியில் எடை, விலை, வண்டி நம்பர் எல்லாம் நின்றபடியே குறிக்கிற வேலை எனக்கு, அதனால் சட்டைப் பையில் அடங்கி, வியர்வை பட்டாலும் பிரியாமல் இருக்கிற நோட்டுதான் வேண்டும்.

தாள் பழுப்பு கலந்த சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் நீலமும் கறுப்புமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் தெரியும், வெயிலில் எழுதும்போது வெள்ளைத் தாள் மாதிரி கண் கூசாது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பால்பாயிண்ட், பென்சில் இரண்டும் அருமையாக ஓடுகின்றன. மைப்பேனா மட்டும் வேண்டவே வேண்டாம். பெங்களூரா ரக மாங்காய்க்கு ‘பெங்களூரா 2 டன்’ என்று எழுதினால் எழுத்தின் ஓரமெல்லாம் மை ஊறிப் பின்பக்கம் வரை வந்துவிடுகிறது. பழைய தாளைத் திரும்பக் கூழாக்கும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகும், மை ஊறாமல் தடுக்கிற பசையும் குறைவாகச் சேர்த்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

நடுவில் நூல் தையல், ஸ்டேப்ளர் பின் அடிக்கவில்லை, அதனால் துருப்பிடிக்கிற பேச்சே இல்லை, விரித்தால் நன்றாகப் படிந்து நிற்கிறது. அட்டைதான் சுமார், மூலை சீக்கிரம் மடங்கிப் பிசிறு பிசிறாகப் பிரிகிறது.

அப்புறம், எழுதித் தீர்ந்ததும் நூலை உருவிவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் மறுபடி கூழுக்குப் போகும், பிளாஸ்டிக் லேமினேஷன் போட்ட அட்டையில் அது அவ்வளவு சுலபமில்லை. அட்டையை மட்டும் கெட்டியாகப் போட்டால் இன்னும் 10 ரூபாய் சேர்த்துக் கொடுக்கவும் நான் தயார்.