கழிவுநீரில் அமிலம் தேட: ஜிசி-எம்எஸ்ஸா, எல்சி-எம்எஸ்ஸா?

காரைக்குடியில் சின்னதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறேன். வழக்கமாக ஊருணித் தண்ணீரும் போர்த் தண்ணீரும்தான் வரும். காவிரிப் படுகைக் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து ஏறிவரும் உப்புத் தண்ணீர் கேன் கேனாக வரத் தொடங்கியதும், அதில் கரைந்திருக்கும் கரிம அமிலங்களைத் தேடக் கருவி வாங்காமல் தீராது என்றாகிவிட்டது. சாம்பிளை ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறுகளின் எடையைப் பார்ப்பது ஜிசி-எம்எஸ், திரவமாகவே பிரித்துப் பார்ப்பது எல்சி-எம்எஸ். நான் வாங்கியது பழைய ஜிசி-எம்எஸ். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் எஃப்டிஐஆர் மலிவு, வேகம். அமிலங்களை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் இறக்கி, அலை எண் 1743, 1706 இரண்டிலும் எழும் கார்பாக்சில் (கரிம அமிலங்களில் உள்ள அணுக்கூட்டம்) உச்சத்தின் உயரத்தைப் பார்த்தால் மொத்தம் எவ்வளவு என்று தெரியும். எந்தெந்த அமிலம் என்று தெரியாது. கார்பாக்சில் உள்ளதெல்லாம் கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தெனிக் அமிலங்களின் கணக்கில் ஏறுவதால் கூடுதலாகவே காட்டும். அசிட்டிக், புரோப்பியானிக் மாதிரிச் சின்ன அமிலங்கள் தண்ணீரை விட்டுச் சரியாக வராது, வந்த கொஞ்சமும் கரைப்பானைப் போக்க நைட்ரஜன் ஊதும்போது பறந்துவிடும். அவற்றுக்கு அயான் எக்ஸ்குளூஷன் வகைப் பிரிப்புக் குழாய்தான் (column) சரி.

போட்டி பெரிய அமிலங்களில்தான். துல்லியம் கூடிய எல்சி-எம்எஸ்ஸில் சாம்பிளை வேறு சேர்மமாக மாற்றும் வேலை இல்லை, மூலக்கூறு வாய்பாடே கிடைக்கும், இரண்டு ஆக்சிஜன் உள்ளதையும் மூன்று உள்ளதையும் பிரித்துச் சொல்லும். இதில் ஜிசி தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் ஒருவரின் கூடத்தில் நாலே நாள்தான் அதைத் தொட்டிருக்கிறேன், அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு நாளில் கண்டது, உப்பைச் சுத்தமாக நீக்காமல் விட்டால் சிக்னல் படுத்துவிடுகிறது. நைட்ரஜனும் நாள் முழுக்க ஓட வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். கருவி படுத்தால் சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து பல்லவன் ரயில் பிடித்து வர வேண்டும், அதுவும் அவருக்கு நாள் ஒழிந்தால். ஜிசியில் சாம்பிள் நுழையும் இடத்துக் கண்ணாடிக் குழாயான லைனர், ரப்பர் மூடியான செப்டம் மாற்றுவது, பிரிப்புக் குழாயின் முனையைக் கொஞ்சம் நறுக்கிவிடுவது எல்லாம் நாமே செய்துகொள்ளலாம். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுக்கும் அயான் சோர்ஸ் அழுக்கானாலும் அப்படித்தான்: கழற்றி, அலுமினாப் பொடியைக் குழைத்துத் தேய்த்து, மெத்தனாலில் அலசிக் காயவைத்து மாட்டிவிடலாம். முதல் தடவை தேய்த்தபோது கூடத்தில் வேலை செய்யும் பையன், "அண்ணே, ஆச்சி வெள்ளிச் செம்பு துலக்குற மாதிரில்ல இருக்கு" என்றான். கிட்டத்தட்ட அதே வேலைதான், கழற்றிய தட்டு கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்சி-எம்எஸ்ஸின் உள்பக்கத்தில் அப்படிக் கைவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தொல்லை இல்லாமலும் இல்லை. தண்ணீரைப் பிஹெச் 2க்கு இறக்கித்தான் அமிலத்தைப் பிரிக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், சித்திரையில் நம் ஊர் வெயிலே அதை எட்டிப் பிடிக்கும். பிரிபுனலைக் குலுக்கும்போது அடிக்கடி காற்றை விடாவிட்டால் மூடி தெறிக்கும். அப்புறம் அமிலத்தை எளிதில் ஆவியாகும் சேர்மமாக மாற்ற எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைப்பொருளைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். அதற்கு ஈரம் ஆகாது. ஐப்பசி மழையில் ஒரு நாள் ஈரம் உறிஞ்சும் சோடியம் சல்பேட்டைச் சரியாக வறுக்காமல் போட்டேன், பன்னிரண்டு சாம்பிளும் போச்சு. சரியாக நடந்தால் பலன் அழகு: திரையில் வரும் பெரிய உச்சத்திலிருந்து 57ஐக் கழித்தால் அமிலத்தின் எடை. 179 வந்தால் 122, பென்சாயிக் அமிலமாக இருக்கலாம், உறுதிக்கு அது வெளிவரும் நேரத்தையும் கருவியின் நிறமாலை நூலகத்தையும் ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

நாப்தெனிக் அமிலங்கள் இப்படித் தனித்தனியாக நிற்காது. ஆயிரக்கணக்கான ஐசோமர்கள் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு உள்ளவை) ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திரையில் ஒரே மேடாகத் தெரியும். கார்பன் எண்ணிக்கையும் வளைய எண்ணிக்கையும் வைத்துக் கூட்டம் கூட்டமாகத்தான் அறிக்கை தருகிறேன். ஆக்சிஜன் கூடிய அமிலங்கள் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து அந்த நண்பருக்கு அனுப்பிவிடுகிறேன். மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் அப்படி வருகிறது, அவர் கேட்கும் கூலி எனக்குக் கட்டுப்படியாகிறது.