ஸெனோடோ: கூட்டாய்வுத் தரவுக்குப் பொதுவான ஓர் இடம்

இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆய்வு செய்தால் கட்டுரை இதழில் வந்துவிடும். தரவு? பெரும்பாலும் யாரோ ஓர் ஆய்வு மாணவரின் பல்கலைக்கழகக் கணக்கில் கிடக்கும். அவர் பட்டம் வாங்கிப் போனதும் கணக்கை மூடிவிடுவார்கள். அதோடு மற்றக் குழுவுக்கும் வழி அடைபடும். இதற்கு ஸெனோடோ என்ற இணையத் தரவுச் சேமிப்பகம் உண்மையிலேயே நல்ல தீர்வு. ஐரோப்பிய ஆணையத்தின் ஆதரவோடு 2013 முதல் இதை ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் நடத்திவருகிறது. எந்த நாட்டவரும் எந்தத் துறையினரும் கட்டணமின்றிப் பதிவேற்றலாம்.

ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள் வரை இடம் உண்டு. ஃபோல்டர் அமைப்பு அப்படியே வேண்டுமென்றால் ஜிப் செய்துதான் ஏற்ற வேண்டும். ஆனால் தரவை விளக்கும் ரீட்மீ கோப்பை ஜிப்புக்குள் புதைக்காதீர்கள், வெளியே தனிக் கோப்பாக வையுங்கள். வெப்பநிலை செல்சியஸா கெல்வினா என்று பார்ப்பதற்கே 40 ஜிபியை இறக்க வைப்பது, இணைய வேகம் குறைந்த கூட்டாளிக்குச் செய்யும் அநியாயம்.

இதன் பெரிய பலம் பதிப்பு முறை. வெளியிட்ட பிறகு தரவைத் திருத்தினால் புதிய பதிப்பாக ஏற்றலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ (மாறாத இணைய அடையாளக் குறியீடு), எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்று. பலர் தவறுவது இங்கேதான். பொது டிஓஐ எப்போதும் கடைசிப் பதிப்புக்கே போகும். அதைக் கட்டுரையில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு கூட்டாளிக் குழு திருத்திய அளவீடுகளை ஏற்றினால், வாசகர் காணும் எண்களும் உங்கள் அட்டவணையும் பொருந்தாது. பகுப்பாய்வுக்கு எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்களோ அதன் டிஓஐயையே போடுங்கள்.

டிஓஐயை முன்கூட்டியே எடுத்துக் கையெழுத்துப் படியில் சேர்க்கும் வசதி அருமை. ஆனால் வெளியிடும் பொத்தானை அழுத்தும்வரை அந்த இணைப்பு திறக்காது. கட்டுரை வந்த நாளில் பதிவு இன்னும் வரைவாகவே இருந்தால் செத்த இணைப்புதான்.

நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் உள்ள உங்கள் நிரலையும் இங்கே சேமிக்கலாம். முதலில் ஸெனோடோவில் அந்தக் களஞ்சியத்துக்கான சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிறகு கிட்ஹப்பில் ரிலீஸ் செய்யுங்கள், அதாவது நிரலின் பதிப்பை வெளியிடுங்கள். அதற்கு முன் செய்த ரிலீஸ்கள் தானாக வந்து சேராது.

பதிவு ஒருவர் கணக்கில் மட்டும் இருந்தால் பழைய சிக்கல் அப்படியே திரும்பும். முதல் நாளே மற்றப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் நிர்வாக உரிமையைப் பகிர்ந்துவிடுங்கள்.

ஒரு குறை: உள்ளடக்கத்தின் தரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. நோயாளிகளின் அடையாளம் நீங்கியதா, இரு பக்க நெறிமுறைக் குழுக்களும் ஒப்புக்கொண்டனவா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தினமும் திருத்தும் கோப்புகளுக்கும் இது இடமல்ல. அதற்கு வேறு சேமிப்பகம் வைத்துக்கொண்டு, கட்டுரையை அனுப்பும் வாரத்தில் இங்கே கொண்டுவாருங்கள்.